அலாவுதீன் விளக்கு எரிந்த ஐந்து நாள்

25 மே 2024, சனி: பெருந்துறை – பண்ணாரி – திம்பம் – சாம்ராஜ்நகர்

வெடியால அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணும் என்று ராத்திரியே சொல்லி வைத்திருந்தேன். அத்தை கட்டுச்சோறு கட்டி முடிக்க ஏழரை ஆகிவிட்டது. புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு தூக்குப் போசி நிறைய எள்ளுருண்டை. மைசூருக்கு இருநூறு கிலோமீட்டர் கூட இல்லை, எதுக்கு இத்தனை என்று கேட்டேன். "வழியில என்ன ஆவுமோ, ஆருக்குத் தெரியும்" என்றார். இந்த வரியை இப்போது லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதும்போது அவர் வாயைக் கொஞ்சம் நொந்துகொள்கிறேன்.

ஆறு பேர். நான், வீட்டுக்காரி, மாமனார், மாமியார், எட்டாவது போகப்போகும் பெரியவன், மூணாவது போகப்போகும் சின்னவள். வண்டி 2003 மாடல் டீசல் வேன், பன்னிரண்டு சீட். சித்தப்பா சமையல் கான்ட்ராக்ட் எடுத்த காலத்தில் அண்டா, அடுப்பு, ஆள் என்று ஏற்றிச் சுற்றிய வண்டி. மூன்று வருஷமாக என்னிடம். கிலோமீட்டர் முள் இரண்டு லட்சத்து எண்பத்து நாலாயிரத்தில் நின்று எந்தக் காலமோ ஆகிவிட்டது. ஆனாலும் ஒரு நாள் பாதி வழியில் நின்றதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்று காலை வரைக்கும்.

ஏப்ரலில் வறுத்தெடுத்த வெயிலுக்கு இந்த இரண்டு வாரமாகப் பெய்யும் மழை பெரிய ஆறுதல். சத்தியமங்கலம் தாண்டியதும் ரோட்டோரம் புல் பச்சைகட்டியிருந்தது. பண்ணாரியில் கூட்டம் அதிகமில்லை. இங்கே விபூதிக்குப் பதில் புற்று மண்தான் பிரசாதம். அத்தை அதில் ஒரு சிட்டிகை எடுத்து ஸ்டியரிங்கில் பூசினார், ஒரு சிட்டிகை டேஷ்போர்டில். சரியாக மீட்டர் இருக்கும் இடத்தில்.

திம்பம் மலைப்பாதைக்கு இருபத்தேழு கொண்டை ஊசி. பெரியவன் ஜன்னலோரம் உட்கார்ந்து பலகையைப் பார்த்து எண்ணிக்கொண்டே வந்தான். முன்னால் ஒரு லோடு லாரி ஊர்ந்து ஏற, பின்னால் நான் இரண்டாவது கியரில் நல்ல ரேஸ் கொடுத்து விரட்டிக்கொண்டிருந்தேன். பதினெட்டு தாண்டியதும் சின்னவள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, அலாவுதீன் விளக்கு எரியுது!" என்றாள்.

ஆயில் லைட். மூக்கு நீண்ட எண்ணெய்க் கேன் படம், நுனியில் ஒரு சொட்டு. ரத்தச் சிவப்பு.

மாமா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மாப்ளைங்க, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க." எடுத்தேன். நாலைந்து நொடியில் விளக்கு அணைந்தது. மிதித்தேன், பத்து எண்ணுவதற்குள் மறுபடி எரிந்தது. நிறுத்தலாம் என்றால் நிறுத்த இடமில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் அரசு பஸ் ஹாரன் அடிக்கிறான். புலிகள் காப்பகம் வேறு, கீழே இறங்கக் கூடாது. முதல் கியருக்கு வந்து, இன்ஜின் முக்காமல் முனகாமல் நடை வேகத்தில் மீதி வளைவுகளை ஏறினேன். அந்த வேகத்தில் விளக்கு எட்டிப் பார்க்கவில்லை. ஆயில் லைட் எரிந்தால் அந்த இடத்திலேயே ஆஃப் பண்ண வேண்டும் என்பது எனக்கும் தெரியும். செய்யவில்லை என்பதையும் எழுதித்தான் ஆகணும்.

திம்பம் உச்சியில் நல்ல குளிர்காற்று. டீ பதினைந்து ரூபாய், மிளகாய் பஜ்ஜி சூடு. இன்ஜினை நிறுத்தி, ஆயில் எல்லாம் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்பில் வடியட்டும் என்று டீ குடிக்கும் நேரம் விட்டு, மாமா ஆயில் கம்பியை உருவினார். துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். மேல்கோட்டுக்கு அரை விரல் கீழே. குறைவில்லை. இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். "டீசல் வாசம் இல்லீங்க. பால்காப்பி நெறமும் இல்ல, தண்ணி கலக்கல." பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, நீளத் திருப்புளியின் நுனியை இன்ஜின் பிளாக்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் மாதிரி. "அடில தட்டு சத்தம் இல்ல."

ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, விளக்கு இல்லை. ஆயில் இருக்கிறது. சத்தம் இல்லை. அப்படியென்றால் விளக்குதான் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டினேன். வயர் லூசாக இருக்கும். மாமா ஒன்றும் சொல்லாமல் பஜ்ஜியைத் தின்றார்.

ஆசனூர், காராப்பள்ளம், புளிஞ்சூர் செக்போஸ்ட் என்று மெதுவாகவே உருட்டி வந்தோம். காராப்பள்ளத்தில் கரும்பு லாரிக்காக யானை காத்திருக்கும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டியிருந்தேன். ஒரு யானையும் இல்லை. மைசூர் வரை இழுக்க மனசு வரவில்லை. சாம்ராஜ்நகரில் இரண்டு அறை, ஒன்று தொள்ளாயிரம். கட்டுச்சோறுதான் ராத்திரிச் சாப்பாடும். அத்தை என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

26 மே, ஞாயிறு: சாம்ராஜ்நகர் – பதனகுப்பே – மறுபடி சாம்ராஜ்நகர்

காலையில் செட் தோசை, சாகு, வெண்ணெய். அறுபது ரூபாய்க்கு மூன்று தோசை, பஞ்சு மாதிரி. சாம்பார்தான் நம் நாக்குக்கு ஒத்துவரவில்லை. "பருப்புல வெல்லத்தப் போட்டுப் பாயாசம் வெச்சிருக்கான்" என்று மாமா கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். சின்னவள் அதையும் எடுத்துக் குடித்தாள்.

ஞாயிறு என்பதால் பெரிய ஒர்க்‌ஷாப் எல்லாம் பூட்டு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை மட்டும் திறந்திருந்தது. தம்பிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். பாதி கன்னடம், பாதி தமிழ். "ஏனாயித்து சார்?" என்று கேட்டு நான் சொல்லி முடிப்பதற்குள் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான்.

வேலை சுத்தமாகத்தான் செய்தான். சாவியை மட்டும் போட்டான், விளக்கு எரிந்தது. எரியத்தான் வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆயில் பிரஷர் சுவிட்ச் இன்ஜின் பிளாக்கில் முடுக்கியிருக்கும். உள்ளே ஒரு சவ்வு. ஆயில் அழுத்தம் சுமார் அரை கேஜிக்கு (சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ) கீழே இருந்தால் காண்டாக்ட் சேர்ந்து விளக்கு எரியும். அழுத்தம் ஏறினால் சவ்வு தள்ளிக்கொண்டு காண்டாக்ட் பிரியும், விளக்கு அணையும். அவ்வளவுதான் அதன் மூளை. தம்பி சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றினான், விளக்கு அணைந்தது. வயரை இரும்பில் தொட்டான், எரிந்தது. "வயர் ஓகே சார். வயர் எங்கியாவது தோல் உரிஞ்சு பாடில தட்டியிருந்தா, கழட்டுனாலும் எரியும். சுவிட்ச் போயிருக்கு."

மாமா மெதுவாக ஆரம்பித்தார். "ஏந் தம்பி, சுவிட்ச் போயிருந்தா ஐடில்லயும் எரியோணுமே? ரேஸ் குடுத்தா மட்டும் எரியுதே?"

"பழைய சுவிட்ச் பெரியவரே. சூடாச்சுன்னா அப்டி இப்டிதான் இருக்கும்."

நான் தம்பி கட்சி. சுவிட்ச் முந்நூற்றி இருபது, கூலி நூறு. நானூற்றி இருபது ரூபாயில் முடிந்தது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

நிம்மதியாகச் சாமராஜேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். 1826இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தன் அப்பா நினைவாகக் கட்டியது. அப்பா பிறந்த ஊர் என்பதால் ஊருக்கும் அவர் பெயர், அதற்கு முன் அரிகுட்டாரம். இந்த ஊருக்கு வந்துபோகும் முதலமைச்சருக்குப் பதவி பறிபோகும் என்று கர்நாடகத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. வருஷக்கணக்கில் முதல்வர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். சித்தராமையா பலமுறை வந்துபோய் ஐந்து வருஷம் முழுசாக ஆண்டார், 2023இல் மறுபடியும் முதல்வரானார். இதைச் சொன்னதும் பெரியவன், "அப்ப நம்ம வேனுக்கு?" என்றான். வாயை மூடுடா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மைசூர் அரண்மனையில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு எரியும். அதைப் பிடிக்க மூன்று மணிக்குக் கிளம்பினோம். ரோடு நன்றாக இருந்தது. நாலாவது கியரில் அறுபது. பதனகுப்பே தாண்டவில்லை, விளக்கு. இந்த முறை மினுக்கவில்லை, அப்படியே நின்று எரிந்தது. கூடவே மேலே டக்டக்கென்று டேப்பட் சத்தம், தையல் மிஷின் மாதிரி.

மாமா கையை நீட்டிச் சாவியைத் திருப்பிவிட்டார். வண்டி உருண்டு மஞ்சள் பயிரிட்ட ஒரு காட்டோரம் நின்றது. "விளக்கு பொய் சொல்லலீங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேறு மாமனாராக இருந்தால் இன்னும் பத்து நிமிஷம் கிடைத்திருக்கும்.

காட்டுக்காரர் வந்தார். கழுத்தில் துண்டு, கையில் மண்வெட்டி. முதல் கேள்வி, "ஊட்டா ஆய்தா?" சாயங்காலம் நாலரை மணிக்குச் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார். இல்லையென்று தலையாட்டிய சின்னவளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. பிறகு அவரே டிராக்டரும் கொண்டுவந்தார். தேர்வடம் மாதிரி ஒரு கயிறு.

கட்டி இழுக்கும்போதுதான் ஒன்று தெரிந்தது. இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்குக்கு வேக்குவம் உதவி கிடையாது. முதல் இரண்டு மிதிக்கு இருந்தது, மூன்றாவது மிதிக்குப் பெடல் கல்லாகிவிட்டது. ரயில்வே கேட்டில் டிராக்டர் நின்றது, நான் நிற்கவில்லை. இரண்டு காலையும் வைத்து அழுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, டிராக்டர் பின்பக்கத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். வீட்டுக்காரி, "ஏனுங்க, நாங்க எறங்கி நடந்து வரட்டுங்களா?" என்றாள். கிண்டலா, நிஜமா என்று இன்னும் தெரியவில்லை.

காட்டுக்காரர் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். டீசலுக்கு மட்டும் என்றார். அரண்மனை விளக்கைப் பிள்ளைகள் போனில் வீடியோவாகப் பார்த்துவிட்டுத் தூங்கினார்கள்.

27 மே, திங்கள்: சாம்ராஜ்நகர், புளியமரத்தடி

லாட்ஜ்காரர் காட்டிய ஒர்க்‌ஷாப். ஊருக்கு வெளியே ஒரு தகர ஷெட், வாசலில் பெரிய புளியமரம், தரையில் இருபது வருஷத்து ஆயில் ஊறிய கறுப்பு மண். பாய்க்கு அறுபது வயசுக்கு மேல். எங்களைப் போல ஊர்விட்டு வந்து நிற்கிறவர்களைத் திம்பம் ரோடு அவருக்கு நிறைய அனுப்பிப் பழக்கம் போல. தமிழ் சரளம்.

மாமா நடந்ததைச் சொன்னார். நான் சொல்லியிருந்தால் சுவிட்ச் மாற்றிய கதையில் ஆரம்பித்திருப்பேன். மாமா, "ஐடில்ல இல்ல, ரேஸ்ல வருது, காலெடுத்தா சித்த நேரத்துல போயிருது" என்று மட்டும் சொன்னார். பாய் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "லாரிங்களா?" "ஆமாங்க." இரண்டு பேரும் அதற்கப்புறம் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

பாய் நேற்று போட்ட புதுச் சுவிட்சைக் கழற்றினார். அந்த ஓட்டையில் ஒரு பித்தளை நிப்பிளை முடுக்கி, ரப்பர் டியூபில் கேஜ் மாட்டி, கண்ணாடி வழியாக வெளியே தொங்கவிட்டார். "விளக்கு ஆமா இல்லன்னு ரெண்டே வார்த்தை பேசும். எவ்வளவுன்னு இதுதான் சொல்லும்."

குளிர்ந்த இன்ஜின், முள் நாலரை கேஜி. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட, பாய் கையமர்த்தினார். ஆயில் ஆறியிருக்கும்போது கெட்டி, எந்த இன்ஜினும் காட்டும். கால் மணி நேரம் ஓடி, டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் ஐடிலில் ஒன்றே முக்கால். "இந்த வயசு வண்டிக்கு இது நல்ல காசு." பிறகு ரேஸ் கொடுக்கச் சொன்னார். மூன்று, மூன்றரை. நாலாவது கியரில் அறுபதில் போகிற ரேஸ் அளவுக்கு அப்படியே பிடிக்கச் சொன்னார். முள் நடுங்க ஆரம்பித்தது. மூன்று, இரண்டு, ஒன்று, காலுக்கும் கீழே. "விடுங்க!" காலை எடுத்தேன். முள் தரையில் கொஞ்சம் தவித்து, மெதுவாக ஒன்றே முக்காலுக்கு வந்து உட்கார்ந்தது.

இதை நான் கவனித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பேரிங் தேய்ந்த இன்ஜின் தலைகீழாக நடக்குமாம். சூடான ஐடிலில் பிரஷர் விழும், ரேஸ் கொடுத்தால் பம்ப் வேகமாகச் சுற்றி ஈடுகட்டும், விளக்கு அணையும். ஆயிலில் டீசல் கலந்து நீர்த்துப்போனாலும் அதே கதை. எங்கள் வண்டியில் ஐடிலில் நன்றாக இருந்து ரேஸில் விழுகிறது. அப்படியென்றால் தள்ளுகிற இடத்தில் பழுதில்லை, உறிஞ்சுகிற இடத்தில் பழுது.

"இளநி குடிச்சிருக்கீங்கல்ல சார்?" என்றார் பாய் என்னிடம். கடைசியில் எனக்கும் ஒரு வார்த்தை. "வழுக்கை இருக்கிற இளநில ஸ்ட்ரா போட்டு மெதுவா உறிஞ்சுனா தண்ணி வரும். தம் கட்டி இழுத்தீங்கன்னா வழுக்கை வந்து ஸ்ட்ரா வாயை அடைச்சுக்கும். விட்டா விலகிடும். சம்புக்குள்ள உங்க ஸ்ட்ரா வாய்ல ஏதோ வழுக்கை இருக்கு."

ஸ்ட்ரா வாய் என்றால் ஸ்ட்ரெய்னர். சம்பின் அடியில் ஆயிலுக்குள் மூழ்கி நிற்கும் வலை. பம்ப் அது வழியாகத்தான் உறிஞ்ச வேண்டும்.

சம்பைக் கழற்றுவது சின்ன வேலை இல்லை என்பதால் முதலில் ஃபில்டரைக் கழற்றினார். ஆக்சா பிளேடால் தகரத்தை அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தைப் பிரித்து, புளியமரத்து நிழலை விட்டு வெயிலில் விரித்தார். மாமாவும் அவரும் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார்கள். பேரிங் தின்றிருந்தால் பொடி மினுங்குமாம், ஜிகினா மாதிரி. மினுக்கம் இல்லை. அதற்குப் பதில் கறுப்புச் சேற்றுக்குள் நாலைந்து சாம்பல் நிறத் துணுக்குகள். பாய் ஒன்றை நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கடுகை விடக் கொஞ்சம் பெரிசு. நசுக்கினேன், நசுங்கவில்லை. ரப்பர் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

எனக்கு அது என்னவென்று அப்போதே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை.

சம்ப் பேக்கிங் மைசூரிலிருந்து வர வேண்டும். நாளைக்குத்தான். மத்தியானம் பாய் சொன்ன மெஸ்ஸில் ராகி முத்தெ, பஸ்ஸாரு, எழுபது ரூபாய். முத்தெ என்பது நம் ராகிக் களிதான், பந்து போலப் பளபளவென்று உருட்டி வைக்கிறார்கள். மெல்லக் கூடாது, பிய்த்துக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று பக்கத்து இலைக்காரர் மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். "எனக்கேவா?" என்று சிரித்துவிட்டு மாமா இரண்டு உருண்டை உள்ளே தள்ளினார். இந்தப் பயணத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது மழை. லாட்ஜில் கரண்ட் இல்லை.

28 மே, செவ்வாய்: அவர்கள் மைசூர், நான் புளியமரம்

நாளெல்லாம் லாட்ஜில் அடைந்து கிடக்க முடியாது என்று காலை ரயிலில் நால்வரும் மைசூர் போய்விட்டார்கள். மாமா போகவில்லை. "ஆப்பரேசன் பாக்கோணும்" என்றார்.

சம்ப் நேராக இறங்கவில்லை, குறுக்கே கிராஸ் மெம்பர். இன்ஜின் மவுண்டிங் போல்ட்டுகளைக் கழற்றி, செயின் பிளாக்கில் இன்ஜினை இரண்டு இன்ச் தூக்கினால்தான் வழி. பாயின் பையன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாகத் தகர டப்பாவில் போட்டான். இருபதுக்கு மேல் எண்ணினேன். கடைசி போல்ட் கழன்றும் சம்ப் வரவில்லை. ஒட்டிக்கொண்டு நின்றது. தகட்டுக் கத்தியை நுழைத்து, சுத்தியால் தட்டித் தட்டி அறுக்க வேண்டியிருந்தது.

இறங்கியது. பார்த்தேன். சம்பின் விளிம்பு முழுக்கச் சாம்பல் நிற சிலிகான் பேஸ்ட். வெளியே பிதுங்கியது போதாதென்று உள்ளேயும் பிதுங்கி, முறுக்கு பிழிந்தாற்போலக் காய்ந்து தொங்கியது. சில இடத்தில் தொங்கல் அறுந்த தடம். அறுந்ததெல்லாம் எங்கே போயிருக்கும்? ஸ்ட்ரெய்னரைத் திருப்பினார்கள். வலையே தெரியவில்லை. இடியாப்பத்தை அள்ளி அப்பினாற்போலச் சாம்பல் நூலும் துண்டும். நடுவில் விரல் நுனி அளவுக்குத்தான் வலை திறந்திருந்தது. ஐடிலுக்கு அது போதும். திம்பத்துக்குப் போதவில்லை.

"எந்தப் புண்ணியவான் இப்படிக் கையை வெச்சது?" என்றார் பாய்.

இனிமேல் மறைத்துப் பயனில்லை. நான்தான். கை என்னுடையதில்லை, வாய் என்னுடையது. போன தை மாசம் வீட்டு முன்னால் போர்டிகோவுக்குப் புது டைல்ஸ் போட்டோம். வேன் நிற்கும் இடத்தில் தினமும் ஆயில் சொட்டுக் கறை. வீட்டுக்காரி அட்டை விரித்துப் பார்த்தாள், மரத்தூள் போட்டுப் பார்த்தாள். நான் எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் போய், சம்பைக் கழற்றி ஒட்டுங்கள், ஒரு சொட்டு ஒழுகக் கூடாது என்றேன். அவர் பேக்கிங் போட்டு லேசாகப் பேஸ்ட் தடவினார். நான் பக்கத்தில் நின்று, இன்னும் போடுங்க, நல்லா தாராளமா போடுங்க, ரெண்டு டியூப் ஆனாலும் நான் தரேன் என்றேன். தந்தேன். அவர் தாராளமாகவே போட்டார்.

பாய் திட்டவில்லை. சிலிகானைச் சுரண்டிக்கொண்டே பாடம் எடுத்தார். பேஸ்ட் என்பது பேனா ரீஃபில் தடிமனுக்கு ஒரே கோடு. போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். மேலே வைத்து முடுக்கும்போது பிதுங்குவதில் வெளியே பிதுங்குவதை நாம் பார்க்கிறோம், துடைக்கிறோம். உள்ளே பிதுங்குவதை யார் துடைப்பது? சூடான ஆயில் நாள் கணக்கில் அலசி அலசி அதைப் பிய்த்துவிடும்.

மாமாவின் கவலை வேறு. பிரஷர் இல்லாமல் ஓடிய நேரத்தில் பேரிங் என்னவானது? ஒரே ஒரு கனெக்டிங் ராடின் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். பாய் கழற்றிப் பாதி வளையல் மாதிரி இருந்த பேரிங்கைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்தார். சாம்பல் நிறம், மெல்லிய கீறல்கள், செம்பு எங்கேயும் தெரியவில்லை. மேல்பூச்சு தேய்ந்தால் அடியில் செம்பு சிவந்து காட்டுமாம். "உங்க மாமனார் சாவியைத் திருப்பாம விட்டிருந்தா, இன்னிக்கு உங்களுக்கு என்கிட்ட வேலை இல்ல, லேத்துலதான் வேலை" என்றார். மாமா அந்த நேரம் பார்த்து டீ சொல்லப் போய்விட்டார்.

இன்னொன்றையும் காட்டினார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஈரம். "சொட்டுனது சம்ப்ல இருந்து இல்ல சார். பின்னாடி ஆயில் சீல். காத்துல பரவி சம்ப் மேல வழிஞ்சு சொட்டியிருக்கு. கியர்பாக்ஸ் இறக்கித்தான் மாத்தணும். அவசரமில்ல, ஊருக்குப் போய்ப் பாருங்க." அதாவது, ஒழுகாத இடத்துக்கு இரண்டு டியூப் பேஸ்ட்.

ஸ்ட்ரெய்னரை டீசலில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, காற்றடித்து மாட்டினார்கள். புது பேக்கிங், ரீஃபில் தடிமனில் பேஸ்ட். ராத்திரி முழுக்கக் காயட்டும், ஆயில் காலையில்தான் என்று சொல்லிவிட்டார்.

ராத்திரி எட்டு மணிக்கு நால்வரும் திரும்பினார்கள். சின்னவள் முகம் தொங்கியிருந்தது. மைசூர் மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கேட் வரைக்கும் போய் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தாவது தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அரண்மனையைப் பகலில் பார்த்ததும், தேவராஜ மார்க்கெட்டில் நஞ்சன்கூடு ரசவாழை வாங்கியதும்தான் மிச்சம். சின்னப் பழம், விலை யானை விலை, வாசம் அறை முழுக்க நிற்கிறது.

அத்தைக்கு வேறு கோபம். திரும்பி வந்தது கர்நாடக பஸ்ஸில். பெண்களுக்கு இலவசம் என்று போர்டைப் பார்த்து ஏறி உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் ஆதாரைக் கேட்டு, ஈரோடு மாவட்டம் என்று பார்த்ததும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். கர்நாடகப் பெண்களுக்கு மட்டும்தான். "நம்மூரு டவுன் பஸ்ல ஆரு ஏறுனாலும் கேக்கறமா? பொம்பளைன்னா பொம்பளைதானே" என்று தூங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

29 மே, புதன்: சாம்ராஜ்நகர் – பெருந்துறை

ஆறு லிட்டர் ஆயில், புது ஃபில்டர். பாய் முதலில் ஸ்டார்ட் ஆகாதபடி வைத்து, செல்ஃப் மட்டும் அடித்து, கேஜ் முள் அசைவதைப் பார்த்த பிறகுதான் இன்ஜினை ஓடவிட்டார். சூடானதும் ஐடிலில் ஒன்றே முக்கால், அதே பழைய காசு. ரேஸில் நாலு. பிடித்தேன், பிடித்துக்கொண்டே இருந்தேன். நாலிலேயே நின்றது. பாய் போதும் என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்.

பில்: ஆயில் 2,160, ஃபில்டர் 340, பேக்கிங்கும் பேஸ்ட்டும் 450, கூலி 2,500. மொத்தம் 5,450. இரண்டு நாள் வேலைக்கு அந்தக் கூலி குறைச்சல் என்றுதான் எனக்குத் தோன்றியது, ஐந்நூறு சேர்த்துக் கொடுத்ததைப் பாய் பையன் கையில் கொடுக்கச் சொன்னார். கழற்றிய சிலிகானை ஒரு பாலிதீன் பையில் போட்டு என்னிடம் நீட்டினார். "உங்க ஊர்க்காரர்கிட்ட காட்டுங்க." என்னத்தைக் காட்டுவது? அவர் பையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

ஆசனூர் ஏற்றத்தில் இரண்டாவது கியர் போட்டு வேண்டுமென்றே விரட்டினேன். டேஷ்போர்டில் புற்று மண் காய்ந்து உதிர்ந்து கிடந்தது. விளக்கு எரியவில்லை. காராப்பள்ளத்தில் ஒரு தாயும் குட்டியும், ரோட்டிலிருந்து இருபதடி தள்ளி, லாரியிலிருந்து விழுந்த கரும்பை மென்றுகொண்டு நின்றன. எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. சின்னவள், மிருகக்காட்சி சாலையில் டிக்கெட் எடுக்க வைத்திருந்த காசை என்னிடம் திருப்பிக் கேட்டாள்.

திம்பம் இறங்கும்போது பதினெட்டாவது வளைவில் யாரும் பேசவில்லை.

30 மே, வியாழன்: வீடு

காலையில் கோலம் போட வந்த வீட்டுக்காரி கூப்பிட்டாள். டைல்ஸில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஆயில் கறை. கியர்பாக்ஸ் பக்கம், பாய் சொன்ன அதே இடம். மாடிக்குப் போய், தை மாசம் தூக்கிப் போட்ட அட்டையைத் தேடி எடுத்துவந்து அடியில் விரித்தேன்.